தான்சானியாவுக்குப் பாடம் எடுக்கப் போற தங்கச்சிக்கு

பாலக்கோட்டுத் தங்கச்சி ஒருத்தங்க கேட்டது: "அக்கா, நான் நர்சிங் டியூட்டர். தான்சானியாவுல மோஷி பக்கம் ஒரு நர்சிங் ஸ்கூலுக்கு ஆறு மாசம் சம்பளம் இல்லாம சொல்லித்தரப் போறேன். தங்க இடம் மட்டும் தர்றாங்க. நீங்க அந்தப் பக்கம் இருந்துட்டு வந்தவங்கன்னு தர்மபுரியில சொன்னாங்க. அன்றாடம் எப்படி இருக்கும்? வீட்ல ரொம்ப பயப்படறாங்க."

தங்கச்சி, பெட்டி கட்டறதுக்கு முன்னாடி பேப்பரைச் சரி பண்ணுங்க. சுற்றுலா விசாவுல போயி வார்டுல நிக்கக் கூடாது. தன்னார்வமா வேலை செய்ய வர்றவங்களுக்கு அங்க சி வகுப்பு வசிப்பு அனுமதின்னு ஒண்ணு இருக்கு. உங்களைக் கூப்பிடற நிறுவனமே முன்னாடி நின்னு அதை வாங்கித் தரணும். அந்த நாட்டு நர்சிங் கவுன்சில் உங்க பதிவுக்கு என்ன கேக்குதுன்னும் அவங்ககிட்டயே எழுத்துல வாங்குங்க. நம்ம சென்னை கவுன்சில்ல இருந்து குட் ஸ்டாண்டிங் சர்டிஃபிகேட் (உங்க பதிவுல குறை எதுவும் இல்லங்கற சான்று) தேவைப்பட்டா அதுக்கு நாள் பிடிக்கும், இப்பவே எழுதிப் போடுங்க. "வாங்க, வந்ததும் பாத்துக்கலாம்"னு சொல்ற இடத்துக்கு டிக்கெட் எடுக்காதீங்க.

அடுத்தது ஊசி. ஹெபடைடிஸ் பி மூணு டோஸும் முடிக்க 6 மாசம் ஆகும். போட்டு முடிச்சிருந்தா டைட்டர், அதாவது ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி எவ்வளவு வந்திருக்குன்னு, பாத்துக்கிட்டுப் போங்க. நைரோபியிலயோ ஆதிஸ் அபாபாவிலயோ இறங்கி மாறிப் போற மாதிரி டிக்கெட் இருந்தா மஞ்சள் காய்ச்சல் ஊசியும் போட்டுடுங்க. ஊசி போட்டு 10 நாள் கழிச்சுதான் அந்தச் சான்று செல்லும், அதுக்கப்புறம் ஆயுசுக்கும் செல்லும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடறாங்க. கிருஷ்ணகிரி பக்கம் இருக்கறவங்களுக்கு பெங்களூருதான் கிட்ட.

மலேரியா மாத்திரையை டாக்டரைப் பாத்து எழுதி வாங்குங்க. டாக்சிசைக்ளின் கொடுத்தா தினமும் ஒண்ணு, ஊர் திரும்பின பிறகும் 4 வாரம் விடாம. திரும்பி வந்து காய்ச்சல் அடிச்சா, நம்ம ஊர்ல டெங்குவைத்தான் முதல்ல நினைப்பாங்க. நீங்களா வாயைத் திறந்து "ஆப்பிரிக்காவுல இருந்து வந்திருக்கேன், மலேரியா பாருங்க"ன்னு சொல்லுங்க. இதை வீட்ல உள்ளவங்களுக்கும் சொல்லி வைங்க.

பெட்டியில பிளாஸ்டிக் கேரி பேக் ஒண்ணுகூட வேண்டாம். 2019 ஜூன்ல இருந்து அங்க தடை. துணிப்பையில சுத்தி வைங்க.

போனதும் பாஸ்போர்ட்டைக் காட்டி, கைரேகை வச்சு சிம் வாங்குங்க. போன்ல பணம் அனுப்பற எம்பெசா கணக்கும் சேத்துத் திறந்துக்கங்க. காய்கறிக்காரம்மாவுல இருந்து கரண்டு வரைக்கும் போன்லயே பணம் கட்டிடலாம். கரண்டுக்கு லுக்குன்னு முன்பணம் கட்டற மீட்டர். பணம் கட்டினா 20 இலக்க எண் மெசேஜ்ல வரும், அதை மீட்டர்ல தட்டணும். ராத்திரி தீந்து போகற மாதிரி விடாதீங்க. தெருவுல ஓடற பைக்குல பாதி நம்ம ஓசூர்க்காரங்க கம்பெனி டிவிஎஸ்ஸோன்னு தோணும். பாக்க ஆசையாத்தான் இருக்கும், ஆனா இருட்டின பிறகு பைக் டாக்சியில ஏறாதீங்க.

நேரம் சொல்ற விதத்தை முதல் வாரமே மனசுல ஏத்திக்கங்க, மருந்து சம்பந்தப்பட்டது இது. சுவாஹிலி பேசறவங்க பகலை சூரியன் உதிக்கறதுல இருந்து எண்ணுவாங்க. நம்ம காலை 7 மணி அவங்களுக்கு 1 மணி, நம்ம 9 மணி அவங்களுக்கு 3 மணி. சார்ட்ல 24 மணி நேரக் கணக்குலதான் எழுதுவாங்க, அதுல குழப்பம் இல்ல. ஒரு அம்மாகிட்ட "3 மணிக்கு அடுத்த டோஸ்"னு சொல்றப்பதான் சிக்கல். "மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம்", "இருட்டினதும்"னு சொல்லுங்க. கூட நிக்கற மாணவியை விட்டு அந்த அம்மாவைத் திருப்பிச் சொல்ல வைங்க.

வார்டுக்குள்ள போனதும் நேரா விஷயத்துக்குப் போகாதீங்க. மூத்தவங்களுக்கு "ஷிகமோ"ன்னு வணக்கம் சொல்லணும், அவங்க "மரஹபா"ன்னு சொல்வாங்க. அப்புறம் தூங்கினீங்களா, வீட்ல நல்லா இருக்காங்களான்னு கேட்டுட்டுத்தான் ரிப்போர்ட். இந்த மரியாதை நம்ம ஊர்ல வளந்தவங்களுக்கு சொல்லித்தர வேண்டியதே இல்ல. நோயாளியைத் தொடறதுக்கு முன்னாடி "போலே"ன்னு (உங்க கஷ்டத்துக்கு வருத்தப்படறேன்னு அர்த்தம்) ஒரு வார்த்தை சொல்லுங்க. முகமே மாறும்.

பாடம் இங்கிலீஷ்லதான். ஆனா நிறைய பிள்ளைங்க ஆரம்பப் பள்ளி முழுக்க சுவாஹிலியில படிச்சிட்டு வந்தவங்க. பென்னாகரத்துல தமிழ் மீடியம் படிச்சிட்டு வந்த நம்ம பிள்ளைங்க முதல் வருஷம் வகுப்புல எப்படி உக்காந்திருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமே. "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. அதனால கேக்காதீங்க, செஞ்சு காட்டச் சொல்லுங்க. ரிட்டர்ன் டெமான்ஸ்ட்ரேஷன்தான் உங்க முழு பாடமும்.

பிறந்த குழந்தைக்கு மூச்சு கொடுக்கறதை எடுத்துக்கங்க. "ஹெல்பிங் பேபீஸ் ப்ரீத்" பயிற்சி 2010-ல வந்தது. தான்சானியாவுல 8 ஆஸ்பத்திரிகள்ல அதைக் கொண்டு போயி 2013-ல வெளியிட்ட ஆய்வுல, பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள நடக்கற சாவு 47 சதவீதம் குறைஞ்சிருந்தது. அதே நாட்டுல ஹைடோம் ஆஸ்பத்திரியில ஒரே ஒரு நாள் பயிற்சி கொடுத்துப் பாத்தாங்க. பொம்மைகிட்ட எல்லாரும் நல்லா செஞ்சாங்க, ஆனா லேபர் வார்டுல அவங்க செய்யற விதம் மாறவே இல்ல. அப்புறம் அங்கயே, அந்த ஊர் நர்சுங்களே, சின்னச் சின்னதா அடிக்கடி பழகிப் பாக்க ஆரம்பிச்சாங்க. சாவு குறைஞ்சது.

நான் உங்ககிட்ட சொல்ல வந்ததே இதைத்தான் தங்கச்சி. பெரிய பேனர் கட்டி ஒர்க்‌ஷாப் நடத்திட்டு போட்டோ எடுத்துட்டு வராதீங்க. லேபர் வார்டு மூலையில ஒரு மேஜையில பயிற்சிப் பொம்மையையும், கையால அமுக்கி மூச்சு கொடுக்கற பேக் மாஸ்க்கையும் வைங்க. ஷிஃப்ட் மாறற நேரத்துல ஆளுக்கு அஞ்சு நிமிஷம். மாஸ்க் விளிம்பு தாடையைத் தாண்டி வழுக்கினா ஓரத்துல புஸ்ஸுன்னு காத்து போகும், நெஞ்சு எழும்பாது. தலையை லேசா நிமித்தி, மாஸ்க்கை மறுபடி பொருத்தி அழுத்தினா எழும்பும். அதை அந்தப் பொண்ணு தன் கண்ணால பாக்கணும். துணியும் ரெண்டு வேணும்: அம்மா கொண்டு வர்ற கங்கா துணியில (அங்க பெண்கள் உடுத்தற பருத்தித் துணி) ஒண்ணு துடைக்க, காஞ்சது ஒண்ணு சுத்த. முதல் மாசம் நீங்க நடத்துங்க. ரெண்டாம் மாசத்துல இருந்து அந்த ஸ்கூல் டியூட்டர் நடத்தட்டும், நீங்க பக்கத்துல நில்லுங்க. கடைசி மாசம் அந்த மேஜை பக்கமே போகாதீங்க.

ஊசி குத்திக்கிட்டா என்ன பண்றதுன்னு முதல் நாளே கேளுங்க. எச்ஐவி தடுப்பு மருந்து எந்த அலமாரியில இருக்கு, ராத்திரியில சாவி யார்கிட்டன்னு உங்க கண்ணால பாருங்க. முடிஞ்ச வரைக்கும் உடனே, 72 மணி நேரத்தைத் தாண்டாம ஆரம்பிக்கணும், 28 நாள் சாப்பிடணும். இதைக் கேக்கறதுக்கு வெக்கப்படாதீங்க.

ஓசூர்த் தம்பி ஒருத்தர் கேட்டது: "சிஸ்டர், நான் லேப் டெக்னாலஜி பாடம் எடுக்க தான்சானியாவுல அருஷா போறேன். சுத்த சைவம். சாப்பாட்டுக்கும் தண்ணிக்கும் என்ன பண்றது?"

தம்பி, சாப்பாட்டுக்குக் கவலையே படாதீங்க. ராகி பிறந்த மண்ணே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலம்தான். அங்க அதுக்கு உலேசின்னு பேரு, சந்தையில மாவாவே கிடைக்கும். அவங்க கஞ்சி காய்ச்சிக் குடிப்பாங்க, நீங்க களி கிண்டிக்கங்க. மக்காச்சோள மாவுல கிண்டற உகாலிக்கு வச்சிருக்கற மரத்துடுப்பு நம்ம களிக்கும் ஆகும். ம்ச்சிச்சான்னு விக்கறது நம்ம தண்டுக்கீரை இனம்தான், கடைஞ்சுக்கலாம். துவரை, மொச்சை மாதிரி பயறு, புளி, தேங்காய் எல்லாம் உண்டு. சாம்பார் பொடி, பெருங்காயம், கடுகு மட்டும் கொண்டு போங்க.

தண்ணியிலதான் நிஜமாவே கவனம் வேணும். மேரு மலை அடிவாரத்துல, அருஷா பக்கம், நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு அதிகம். பழுப்பேறின பல்லோட பிள்ளைங்க சிரிக்கறப்ப கையால வாயை மூடிக்கறதைப் பாப்பீங்க. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வர்றதுக்கு முன்னாடி நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் போர்த் தண்ணி குடிச்சு வளந்தவங்களுக்கு அந்தப் பல்லை யாரும் காட்டித்தர வேண்டாம். கொதிக்க வச்சா கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். நீங்க லேப் ஆளு, தங்கற வீட்டுத் தண்ணியை டெஸ்ட் பண்ணிடுங்க. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினா அதைக் குடிக்கறதுக்கும் சமைக்கறதுக்கும் எடுக்காதீங்க. அந்த டெஸ்டையே உங்க மாணவங்களுக்கு ஒரு பிராக்டிகலா வைங்க. அவங்கவங்க வீட்டுத் தண்ணியை பாட்டில்ல கொண்டு வரச் சொல்லுங்க.

தங்கச்சி மறுபடி: "அக்கா, இங்க இருந்து என்ன பொருள் கொண்டு போய்க் கொடுக்கலாம்? அம்மாகிட்ட எப்பப் பேசறது?"

அங்க சாயங்காலம் 6 மணின்னா நம்ம ஊர்ல ராத்திரி எட்டரை. அம்மா தூங்கறதுக்கு முன்னாடி தினமும் அந்த நேரத்துல கூப்பிடுங்க. கரண்டு போற நாளைக்கு மெசேஜ் போதும்னு முன்னாடியே பேசி வச்சுக்கங்க, இல்லன்னா ராத்திரி பூரா உக்காந்திருப்பாங்க.

பொருளை நீங்களா முடிவு பண்ணாதீங்க. தேதி முடியப் போற மருந்தும், ஸ்பேர் கிடைக்காத மெஷினும் அங்க அலமாரியை அடைக்கத்தான் ஆகும். அந்த ஸ்கூல் டியூட்டருக்கு எழுதி, வகுப்புக்கு எது பத்தலைன்னு கேளுங்க. அவங்க கேட்டது பத்து கை துடைக்கற துண்டா இருந்தா, பத்து துண்டு கொண்டு போங்க.