எல்லை தாண்டிய சேற்றுநிலங்கள்: தொண்டு நிறுவனங்களால் ஆகிற வேலையா?

அலையாத்தி:
மஞ்சள் கடலின் சேற்றுப்படுகைகள் சீனா, வட கொரியா, தென் கொரியா மூன்றின் கரையிலும் கிடக்கின்றன. நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா போகும் பட்டைவால் மூக்கன் வழியில் அங்கே இறங்கித்தான் இரை தேடுகிறது. அந்தப் பறவைகளை எண்ண எல்லை தாண்டிப் போனது யார்? நியூசிலாந்தின் மிராண்டா இயற்கை ஆர்வலர் அறக்கட்டளை. 2004இல் சீனாவின் யாலு ஜியாங் காப்பகத்தோடு கைகோத்தார்கள், 2009இல் வட கொரியாவுக்குள்ளும் போனார்கள். அரசுகள் முகம்கொடுத்துப் பேசாத இடத்தில் தொலைநோக்கியோடு நுழைய இப்படிப்பட்டவர்களால்தான் முடியும்.

கோரைப்புல்:
எண்ணினார்கள், சரி. படுகை தப்பியதா? தென் கொரியாவின் சேமாங்கும் நினைவிருக்கிறதா, சேற்றுப்படுகையை நிலமாக்க எழுப்பிய 33 கிலோமீட்டர் கடல்சுவர்? சூழல் அமைப்புகள் தெருவில் இறங்கின, வழக்கும் போட்டன. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திட்டத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே சுவர் மூடப்பட்டது. சீனாவிலோ, 2018இல் வணிகத்துக்காகக் கடலில் மண் கொட்டி நிலமாக்குவதை அரசே நிறுத்தியது. ஈரநிலங்களைக் காக்க நாடுகள் செய்துகொண்ட ராம்சார் ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவும் நாடுகளைத்தான் கலந்து பேசச் சொல்கிறது.

சேற்றுநண்டு:
சீனாவின் அந்த உத்தரவு வானத்திலிருந்தா விழுந்தது? எந்தப் படுகை போனால் எந்தப் பறவை குறையும் என்று யாரோ முன்பே எண்ணி வைத்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் மூன்று நாடுகளின் கரையோரம் கிடக்கும் சேற்றுக்கடலான வாடன் கடலைப் பாருங்கள். அணைத் திட்டத்தை எதிர்த்து நெதர்லாந்தில் வாடன் சங்கம் தொடங்கியது 1965இல். நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் அரசுகளின் கூட்டுப் பிரகடனம் வந்தது 1982இல்!

கோரைப்புல்:
ஆனால் ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாவனில் 1987 முதல் இயங்கும் கூட்டுச் செயலகம் அந்த மூன்று அரசுகளுடையது. நன்கொடைத் திட்டம் முடிந்தால் தொண்டு நிறுவனக் குழு பெட்டியைக் கட்டிவிடும். செயலகம் எங்கும் போகாது.

உப்புக்காற்று:
இரண்டு பேரும் பறவையையே பேசுகிறீர்கள். சேமாங்கும் சேற்றில் கிளிஞ்சல் பொறுக்கிப் பிழைத்த பெண்கள் எங்கே? நல்ல குழு எது என்று பார்க்க நான் கேட்பது ஒன்றுதான்: எல்லையின் இரு பக்க மீனவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்ததா? நன்கொடையாளருக்கு அறிக்கை அனுப்ப எல்லோராலும் முடியும்.

அலையாத்தி:
உப்புக்காற்று சொல்வதை ஏற்கிறேன். கோரைப்புல்லுக்கு ஒரு கேள்வி: மூன்று அரசுகளின் பணத்தில் நடக்கும் செயலகம், அதில் ஓர் அரசே படுகையைக் கெடுத்தால் வெளிப்படையாகக் கண்டிக்குமா? அதற்கு வெளியாள் வேண்டாமா?

கோரைப்புல்:
கேள்வி நியாயம். ஆனால் அனுமதி வாங்கி உள்ளே போகும் குழுவுக்கும் அதே சிக்கல்தான். வாயைத் திறந்தால் அடுத்த முறை விசா கிடைக்காது.