நாய்க்கு வேகவைத்த உணவு மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் லாப்ரடார் சில வாரங்களாக உலர்தீவனத்தை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுவதால், மிதமான சூட்டில் வேகவைத்த கோழி இறைச்சியும் சோறும் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். நாள்தோறும் இதுவே போதுமா?

பதில் 1: போதாது. இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு; இவை 1:1 முதல் 2:1 வரையிலான விகிதத்தில் கால்சியம் குறையாமல் கிடைக்காவிட்டால், உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். கழுவிக் காயவைத்து மாவாக அரைத்த முட்டை ஓடு ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு சேர்ப்பது என்பதை நாயின் எடையைப் பார்த்துக் கால்நடை மருத்துவரே சொல்ல வேண்டும்.

பதில் 2: குழம்பிலிருந்து கறியை எடுத்து அலசிக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை என்பதால், தயவுசெய்து அதன் பங்கைத் தனியே, உப்பில்லாமல் வேகவையுங்கள். வெந்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும், ஒன்றுகூட வேண்டாம். வெந்த நீரை வடித்துக் கொட்டாமல் சோற்றோடு பிசைந்தால், அதில் கரைந்த வைட்டமின்கள் வீணாகாது.

பதில் 3: உணவை மாற்றுவதற்கு முன் பல்லையும் ஈறையும் மருத்துவரிடம் காட்டுங்கள், ஏனெனில் வலியினாலும் நாய் கடினமான தீவனத்தை ஒதுக்கும். மாற்றுவதானால் 7 முதல் 10 நாட்களில் சிறிது சிறிதாகப் புதிய உணவைக் கலந்துவாருங்கள்.