மறு: ‘ரிபா’வுக்கு வட்டி போதுமா?

நண்பர்களே, இஸ்லாமிய அறவியலும் இன்றைய பொருளியலும் பற்றிய பாடத்தை வெள்ளிக்குள் முடித்துத் தர வேண்டும். ரிபா (இஸ்லாம் விலக்கிய மிகை வரவைக் குறிக்கும் அரபுச் சொல்) வந்த இடமெல்லாம் வட்டி என்றே எழுதிவந்தேன். ‘ரிபா அல்-ஃபள்ல்’, அதாவது ஒரே வகைப் பண்டத்தைக் கூடக்குறைய மாற்றிக்கொள்வது, வந்ததும் கை நின்றுவிட்டது. நபித்தோழர் பிலால் மட்டமான பேரீச்சை இரண்டு ஸாஉ (ஒரு முகத்தலளவை) கொடுத்து உயர்ந்த ‘பர்னி’ ஒரு ஸாஉ வாங்கிவந்தார். “இது ரிபாவேதான்” என்று நபிகள் தடுத்தார்; முன்னதை விற்றுவிட்டுப் பிறகு நல்லதை வாங்கச் சொன்னார். இங்கே கடனுமில்லை, தவணையுமில்லை. இதை எப்படி வட்டி என்பேன்?

> வட்டியே ‘விருத்தி’யின் திரிபுதானே! வட்டியைக் குறித்த சோழர் கல்வெட்டுப் ‘பொலிசை’யை மீட்கலாம்.

ஐயா, பொலிதல் என்றால் பெருகுதல். ரிபாவின் அரபு வேரும் பெருகுதல்தான். மேட்டுநிலத்துக்கு ‘ரப்வா’ என்பதும் அதனால்தான். மூன்று சொற்களும் ஒரே கருத்தில் பிறந்திருப்பதைப் பார்த்து ஓர் இரவு தூக்கம் போனது. ஆனால் அந்தப் பொலிசையில் கோயில் விளக்கு எரிந்தது. அறத்துக்கு வைத்த முதலின் வருவாயைச் சொன்ன சொல்லை, விலக்கப்பட்ட ஒன்றுக்குச் சூட்ட மனம் வரவில்லை.

என் முன்மொழிவு ‘மிகைகோள்’. மிகைக்குக் குற்றம் என்றும் பொருளுண்டு. 1111இல் மறைந்த இஸ்லாமியப் பேரறிஞர் கஸ்ஸாலி பணத்தைக் கண்ணாடிக்கு ஒப்பிட்டார்: தனக்கென நிறமில்லை, எல்லா நிறத்தையும் காட்டும். பிற பொருள்களை அளக்கவும் அடையவும் அமைந்த பணத்தையே சரக்காக்கினால் அநீதி என்பது அவர் வாதம். இன்று பணத்தை வைத்தே பணம் பண்ணும் சந்தையை மாணவர் எடைபோட வேண்டுமானால், சொல் கடனோடு நின்றுவிடக் கூடாது.

*

மிகைகோள் என்றால் இலாபமும் அதில் விழுந்துவிடும். “அல்லாஹ் வணிகத்தை அனுமதித்து ரிபாவைத் தடுத்தான்” (குர்ஆன் 2:275) என்ற வசனம் பிரிப்பதே அந்த இரண்டைத்தானே? ரிபா என்றே விடுங்கள்.

*

விடலாம், ஆனால் ‘இரிபா’ என்று. ரகரம் மொழிமுதல் ஆகாது. ரசூலை (இறைத்தூதரை) ‘இறசூல்’ என்று எழுதிய மரபு நமக்கு உண்டு.

*

பெரும்பாலோர் சொன்னபடி ‘ரிபா’ என்றே வைத்து, முதல் இடத்தில் மட்டும் ‘மிகைகோள்’ என்று அடைப்பில் தருகிறேன். இகரம் சேர்க்கவில்லை, மன்னிக்கவும், ஐயா.

*

எனக்கு உடன்பாடில்லை. தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்புகளில் வட்டி என்றே படித்து வளர்ந்தவருக்கு, இந்தப் பாடம் வேறெதையோ பேசுவதாகத் தோன்றும். பேரீச்சை ஒன்றுக்காக அந்தச் சொல்லைக் கைவிட வேண்டாம். ‘பண்டமாற்று வட்டி’ என்று விரித்தால் என்ன?