புது நாட்டில் வண்ணப் பறவைகள்: பார்க்கவும் படம் எடுக்கவும்

புதிதாகக் குடியேறியவர்கள் பறவைப் படம் என்றதும் முதலில் பெரிய லென்ஸ் வாங்கப் பார்க்கிறார்கள். அதற்கு அவசரமில்லை. எந்தப் பறவை எந்த மாதம் நிறத்தோடு இருக்கும், வெயில் எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும் என்ற இரண்டும் பிடிபட்டால் சாதாரணக் கேமராவிலும் நல்ல படம் வரும்.

குளிர்நாடுகளில் நிறம் பருவத்தோடு வந்துபோகும். வட அமெரிக்காவில் மே மாதம் பளிச்சென்று வரும் வார்ப்ளர் என்ற சிறு பறவை இனங்களில் பல, இலையுதிர்காலத்தில் மங்கிய நிறத்தில் தெற்கே திரும்பும். பச்சைத் தலையுள்ள மல்லார்ட் ஆண் வாத்து, கோடையில் இறகு உதிர்த்துப் பெட்டையைப் போலவே பழுப்பாகிவிடும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் இந்தக் கணக்கு செல்லாது; ரெயின்போ லோரிகீட் கிளிகள் ஆண்டு முழுவதும் அதே வண்ணத்தில் தெருமரங்களில் இருக்கும்.

பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவிடும் இபேர்ட் (eBird) தளத்தில் உங்கள் பகுதியைத் தேர்ந்தெடுத்தால், எந்தப் பறவை எந்த வாரங்களில் பதிவாகிறது என்ற பட்டை வரைபடம் கிடைக்கும். கூடவே பறவையின் பெயரைக் கண்டுசொல்லும் மெர்லின் (Merlin) செயலியையும் இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். உங்கள் பகுதிக்கான தொகுப்பை வீட்டிலேயே இறக்கிவிட்டால் காட்டுக்குள் இணையம் தேவைப்படாது. குரலை வைத்து அது சொல்லும் பெயரைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். ஸ்டார்லிங், மாக்கிங்பேர்ட் போன்றவை பிற பறவைகளின் குரலில் கூவும்.

இனி வெளிச்சம். மீன்கொத்தியின் நீலம் சாயம் அல்ல. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தெரிவது. ஹம்மிங்பேர்டின் கழுத்துச் சிவப்பு இன்னும் பிடிவாதமானது, கோணம் சற்று மாறினாலே கறுப்பாகிவிடும். ஆகவே சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். காலை முதல் இரண்டு மணி நேரம் சிறந்தது.

<b>கேமரா அமைப்பு:</b>

ஷட்டர் வேகம் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500, துள்ளிக்கொண்டே இருக்கும் சிறு பறவைக்கு 1/1000, பறப்பதற்கு 1/2000 நொடி. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறனை, தானியங்கியில் விட்டு உச்சவரம்பு 6400 வையுங்கள். படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் (நாய்ஸ்) விழுந்தால் பிறகு குறைக்கலாம், அசைந்து போன படத்தை மீட்க முடியாது. ஃபோகஸ், நகரும் பறவையை விடாமல் பின்தொடரும் தொடர் முறையில் இருக்கட்டும். கிளைகளுக்கிடையே என்றால் ஒற்றை ஃபோகஸ் புள்ளியைக் கண்ணின் மேல் வையுங்கள்.

சிவப்புப் பறவைகளில் பலர் தடுக்கி விழுவது ஓரிடத்தில்தான். கார்டினலைப் படம் எடுத்தால் வெளிச்சம் சரியாக இருப்பதுபோல் தெரியும், ஆனால் இறகு விவரமே இல்லாமல் ஒரே சிவப்புத் திட்டாக இருக்கும். மொத்த ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) இதைக் காட்டாது. சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சத்தில் ஒரு மடங்கு வித்தியாசம், அதாவது இரட்டிப்பு அல்லது பாதி) குறையுங்கள். வெள்ளைக் கொக்குக்கும் வெயிலில் இதே அளவு. வெளிறிய வானத்தின் முன்னால் பறவை என்றால் எதிர்மாறாக ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும்.

<b>குளிர்காலத்துக்கு ஒரு சேர்க்கை:</b>

கார் நல்ல மறைவிடம். மனிதரைக் கண்டு பறக்கும் பறவை காருக்கு அவ்வளவு அஞ்சாது. ஆனால் ஹீட்டர் ஓடும் காரின் ஜன்னலைத் திறந்தவுடன் எடுத்தால் படம் தெளிவாக வராது, சூடான காற்றும் குளிர்காற்றும் லென்ஸ் முன்னால் கலந்து அலையும். இன்ஜினையும் ஹீட்டரையும் நிறுத்திவிட்டுப் பொறுத்திருங்கள். ஜன்னல் கண்ணாடி வழியாகவும் எடுக்க வேண்டாம். உபரி பேட்டரியை உள்சட்டைப் பையில் வையுங்கள். வீடு திரும்பும்போது கேமராவை வெளியிலேயே காற்றுப் புகாத பையில் மூடி, வீட்டுக்குள் ஒரு மணி நேரம் கழித்தே திறங்கள். இல்லாவிட்டால் லென்ஸ் வியர்த்துவிடும்.

சட்டத்தையும் கவனியுங்கள். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூடு கட்டும் மீன்கொத்தியைத் தொந்தரவு செய்வது குற்றம். படத்துக்காக நெருங்குவதும் அதில் சேரலாம். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான உள்நாட்டுப் பறவைகளின் இறகை வைத்திருப்பதையே தடுக்கிறது, கீழே உதிர்ந்து கிடந்ததானாலும். குழந்தைகள் பொறுக்கினால் அங்கேயே போட்டுவிடச் சொல்லுங்கள்.