மறுமொழி: குற்றக் கதையின் முதற்காட்சியும் ‘மூட்’ என்பதற்கான சொல்லும்

நண்பர்களுக்கு வணக்கம். கதை விமர்சனத்தில் ஒரு காட்சியின் ‘மூட்’ (mood) என்கிறோமே, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது.

> ‘மூட்’ என்பதற்கு ‘மனநிலை’ இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

போதாது ஐயா. மனநிலை என்றதும் யாருடைய மனம் என்ற கேள்வி வந்து நிற்கிறது. ஒரு முதற்காட்சியை வைத்துப் பார்ப்போம். நானே கட்டியது, குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரவு ஒன்றரை மணி. சமையலறையில் ஒருவன் இரண்டு கோப்பைகளைக் கழுவுகிறான். ஒன்றைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டான். மற்றதைக் கழுவி, விளக்கொளியில் தூக்கிப் பார்த்து, மறுபடி கழுவுகிறான். வாசற்கதவு தட்டப்படுகிறது. அவன் திடுக்கிடவில்லை. சுருட்டி விட்ட சட்டைக்கையை இறக்கி, பொத்தானைப் போட்டு, அதன் பிறகே நடக்கிறான். குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பிணம் இல்லை, கத்தி இல்லை, ஒரு சொல் பேச்சும் இல்லை. ஆனாலும் ஆளைத் தெரிந்துகொண்டோம்: ஒழுங்குக்காரன், அவசரப்படாதவன், எதையோ துடைத்தழிக்கிறவன். அவன் மனநிலை அமைதி. அந்த அமைதிதான் நம் வயிற்றைக் கலக்குகிறது. இப்போது விமர்சனம் எழுத உட்காருங்கள். ‘பாத்திரத்தின் மனநிலை அமைதி, காட்சியின் மனநிலை அச்சம்’ என்று எழுதினால் படிப்பவர் தலையைச் சொறிவார். வாசகரின் மனநிலை என்று சொல்லியும் தப்ப முடியாது. சிரித்துக்கொண்டே படிக்கிறவர்கூட அந்தச் சமையலறையில் அச்சம் இருப்பதை ஒப்புக்கொள்வார். அச்சம் இடத்தில் இருக்கிறது. நேரத்திலும் அந்த இரண்டாவது கோப்பையிலும் இருக்கிறது.

> அப்படியானால் தொல்காப்பியமே தந்திருக்கிறதே: மெய்ப்பாடு, உரிப்பொருள்.

இரண்டும் அருமையான சொற்கள், அதனாலேயே இரவல் வாங்கத் தயங்குகிறேன். மெய்ப்பாடு உடலில் தெரிவது. நம் ஆளின் உடலில் எதுவும் தெரியவில்லை என்பதுதானே காட்சியின் சூட்சுமம்! அச்சம் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் நான்கைச் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. கள்வர் அங்கே இருப்பது குற்றக் கதைக்காரர்களுக்கு மகிழ்ச்சி தரும். ஆனால் இங்கே வந்திருப்பவன் கள்வனா என்று தெரிவதற்கு முன்பே அச்சம் வந்துவிடுகிறது.

உரிப்பொருளோ ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய காதல் ஒழுக்கம்; புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்ற ஐந்தோடு கட்டுண்டது. நள்ளிரவாகிய யாமம் மலைநிலமான குறிஞ்சிக்கு உரியது, காதலர் ஊரறியாமல் களவில் கூடும் பொழுது. அதே பொழுதைக் கொலைகாரனுக்குக் கொடுத்து ‘உரிப்பொருள்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் முறையை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். நிலமும் பொழுதும் முதலில், அங்குள்ள பொருள்கள் அடுத்து, அவற்றின் வழியே உணர்வு. நல்ல முதற்காட்சி எதுவும் இந்த வரிசையில்தான் வேலை செய்கிறது. ‘அவனுக்குள் ஏதோ ஒரு பயங்கரம் இருந்தது’ என்று தொடங்கும் கதையை நான் அங்கேயே மூடி வைத்துவிடுவேன்.

‘தொனி’ வேறு. அது சொல்பவரின் குரலில் இருப்பது. மேலே உள்ள காட்சியைக் கிண்டலாகவும் எழுதலாம். அப்போது தொனி மாறும், அச்சம் இன்னும் கூடினாலும் கூடும்.

என் பரிந்துரை: ‘கவிவு’. இருள் கவிந்தது, மேகம் கவிந்தது, சோகம் கவிந்தது என்று நாம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். மேலிருந்து இறங்கி எல்லாவற்றையும் சேர்த்து மூடுவது, எந்த ஒருவருக்கும் சொந்தமாகாதது. நமக்கு வேண்டிய பொருள் அதுதான். வினையும் கையோடு கிடைக்கிறது: முதல் வரியிலேயே கவிகிறது, ஒரு நகைச்சுவை வந்ததும் கலைகிறது. ‘மூடை நிறுவுகிறது’ என்று எழுதுவதைவிட இது நூறு மடங்கு மேல். நிறுவுவதற்குச் சிலைகள் இருக்கின்றன.

‘கவி’ என்றால் புலவர், குரங்கு என்றெல்லாம் நினைவு வருமே என்று யாராவது கேட்பீர்கள். ‘துணிவு’ என்னும்போது யாருக்கும் துணிக்கடை நினைவுக்கு வருவதில்லை, ‘பணிவு’ என்றதும் யாரும் வேலை தேடிப் போவதில்லை. புழங்கினால் சரியாகிவிடும்.

‘பாத்திர அறிமுகம்’ என்பதிலும் எனக்கு நிறைவு இல்லை. சட்டைக்கையை இறக்கிப் பொத்தான் போடுவது அறிமுகம் அல்ல; பெயர்கூடத் தெரியாது. ‘பாத்திர வார்ப்பு’ முழு வேலைக்கும் ஆன சொல். முதற்காட்சியில் விழுவது ஒரு கோடு மட்டுமே. ‘முதற்கோடு’ என்று வைக்கலாமா? கணக்குப் பாடம் போல ஒலிக்கிறது என்பதால் அரை மனதோடுதான் கேட்கிறேன்.

‘கவிவு’ விஷயத்தில் அரை மனம் இல்லை. நீங்கள் முன்பு எழுதிய விமர்சனம் ஏதாவது ஒன்றை எடுத்து, ‘மூட்’ வரும் இடங்களில் எல்லாம் இதைப் போட்டுப் பாருங்கள். இடறும் வாக்கியம் இருந்தால் இங்கே அனுப்புங்கள்.