டெக்சாஸ் பண்ணையில் ஓசனிச்சிட்டுக்கு வளையம்: போவதற்கு முன் எண்ணூரில் எதைப் பழகலாம்?

கத்திவாக்கம்_சிட்டு:
டெக்சாஸ் மலைப்பகுதியில் இரண்டு மாட்டுப் பண்ணைகள். ஏப்ரல் கடைசியில் ஆறு நாள், ஓசனிச்சிட்டு (நம்மாட்கள் சொல்லும் ஹம்மிங்பேர்ட்), கூடவே சின்னப் பாடும் பறவைகளைப் பிடித்துக் காலில் எண் பொறித்த அடையாள வளையம் போடும் வேலை. தன்னார்வலராக இடம் உறுதி. மிஸ்ட் நெட் (பறவை பிடிக்கும் மெல்லிய வலை) ஒன்று வாங்கி எண்ணூர்ப் பக்கம் தேன்சிட்டுகளை வைத்துக் கை பழகிக்கொள்ளலாமா? அங்கே முதல் நாளே வளையம் போட விடுவார்களா? என்னென்ன எடுத்துப் போகணும்?

உழவாரன்:
வலை விஷயத்தை இன்றே கைவிடுங்க. தேன்சிட்டைப் பிடித்துப் பிறகு பறக்கவிட்டாலும் அது பிடித்ததுதான். 1972-ம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மாநிலத் தலைமை வனவுயிர்க் காப்பாளரின் அனுமதி வேண்டும். இங்கே முறையாக வளையமிடுவது மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் மாதிரி அமைப்புகள்தான். கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது.

பழகினாலும் பெரிய பயன் இல்லை. தேன்சிட்டும் ஓசனிச்சிட்டும் தேன் குடிக்கும் என்பதோடு சரி, உறவு கிடையாது. ஓசனிச்சிட்டுக்கு நெருங்கிய சொந்தம் நம் உழவாரன் குருவி. அதனால்தான் இரண்டுக்குமே கால் குட்டை. அந்தப் பண்ணைகளில் அதிகம் வரக்கூடிய கருந்தாடை ஓசனிச்சிட்டு 3 கிராம் சொச்சம். நம் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

முதல் நாளே வளையம்? மாட்டார்கள். அமெரிக்காவில் மத்திய அரசின் உரிமம் உள்ளவர், அல்லது அவருக்குக் கீழ் துணை உரிமம் பெற்றவர் மட்டுமே போடலாம். ஓசனிச்சிட்டுக்குத் தனி அனுமதியே உண்டு. அதன் வளையம் மெல்லிய அலுமினியத் தகட்டில் அச்சடித்து வரும். அதை வளையமிடுபவரே வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, வளைத்துக்கொள்ள வேண்டும். எடை ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு கூட இராது. ஓரத்தில் பிசிர் நின்றால் காலை அறுக்கும். இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கால் நெரியும்.

காசிமேடு_கண்ணி:
வலையைப் பற்றி நான் சொல்கிறேன். காசிமேட்டில் செவுள் வலை பார்த்தவருக்குப் பாதி புரிந்துவிடும், மீதிப் பாதியில்தான் தப்பு நடக்கும். செவுள் வலையில் மீன் கண்ணியில் மாட்டும். மிஸ்ட் நெட்டில் பறவை மோதி, வலையே மடிந்து தொங்கும் பையில் விழணும். வழக்கமான வலை 12 மீட்டர் நீளம், சுமார் 2.6 மீட்டர் உயரம், நாலு பை. சிறு பறவைக்குக் கண்ணி 30 மில்லிமீட்டர். குறுக்குக் கயிறு விறைப்பாக இருக்கணும், வலை தளர்வாக இருக்கணும். வலையையும் சேர்த்து விறைத்துக் கட்டினால் பறவை பட்டுத் தெறித்துப் போய்விடும்.

அடிப்பை தரையிலிருந்து ஒரு அடியாவது மேலே நிற்கணும். பறவை விழுந்ததும் பை தொய்யும். டெக்சாஸில் நெருப்பெறும்பு உண்டு. தரையைத் தொட்ட பறவையை மொய்த்துவிடும். வலை விரிக்குமுன் கீழே புற்று இருக்கிறதா பாருங்கள். அங்குள்ள மெஸ்கீட் மரம் நம் மீஞ்சூர்ப் பக்கத்துச் சீமைக்கருவேலத்துக்குச் சொந்தம். முள்ளில் வலை சிக்கினால் அரை மணி நேரம் போச்சு.

இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை வலைகளைச் சுற்றிப் பார்க்கணும். வெயில் ஏறினால் இன்னும் சீக்கிரம். காற்று, மழை வந்தால் மூடிவிடணும். மோதிரம், கைக்கடிகாரம், சட்டைப் பட்டன் எல்லாம் கண்ணியில் மாட்டும். பட்டன் இல்லாத டி-சர்ட் போடுங்க.

எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, பறவை எந்தப் பக்கமிருந்து உள்ளே வந்தது என்பது. அந்தப் பக்கம் நின்றுதான் எடுக்கணும். பெரும்பாலும் கால், பிறகு சிறகு, கடைசியில் தலை. நாக்கில் நூல் மாட்டியிருந்தால் இழுக்காதீர்கள், உரிமக்காரரைக் கூப்பிடுங்க. அவர் ஒரு நூலை வெட்ட நேர்ந்தாலும் வலைக்கு ஓட்டை, அவ்வளவுதான்.

கத்திவாக்கம்_சிட்டு:
நன்றி அண்ணே. ஓசனிச்சிட்டும் இதே வலையில்தானா?

காசிமேடு_கண்ணி:
பெரும்பாலும் கூண்டு. சர்க்கரைத் தண்ணீர்க் குப்பியைச் சுற்றிக் கம்பிக் கூண்டு, மேலே தூக்கிய கதவு, அதிலிருந்து தூண்டில் நரம்பு. சிட்டு உட்கார்ந்து குடிக்கும்போது நரம்பை விடணும். வாசலில் இருக்கும்போது விட்டால் கதவு அதன்மேல் விழும். இந்த வேலை உங்களிடம் வரலாம். தண்ணீர் 4 பங்கு, வெள்ளைச் சர்க்கரை 1 பங்கு. தேன், வெல்லம், சிவப்புச் சாயம் எதுவும் கூடாது. வெயிலில் தினம் மாற்றணும்.

மாதவரம்_ஏரிக்கரை:
புதியவருக்கு உண்மையில் கிடைப்பது எழுத்து வேலை. அதை மட்டமாக நினைக்காதீங்க. பறவை ஒரு நிமிடத்தில் பறந்துவிடும், தாள்தான் மிஞ்சும். வளைய எண், இனத்தின் நாலெழுத்துக் குறி, வயது, பால், சிறகு மில்லிமீட்டரில், கொழுப்பு, எடை, நேரம். வளையமிடுபவர் சொல்லும் எண்ணைத் திருப்பி வாசித்துக் காட்டணும். 3-ம் 8-ம், 6-ம் 9-ம் மாறினால், இரண்டு வருடம் கழித்து அந்தப் பறவை வேறு எங்கோ பிடிபட்டாலும் பயனில்லை. சிறகு நீளம் அந்த இனத்துக்குப் பொருந்தாமல் வந்தால், பறவை கையில் இருக்கும்போதே “இன்னொரு முறை அளங்க” என்று சொல்லும் தைரியம் வேணும்.

இதை மாதவரம் ஏரியிலேயே பழகலாம். ஒருவர் தொலைநோக்கியில் பார்த்து வேகமாகச் சொல்ல, மற்றவர் எழுதித் திருப்பி வாசிக்கட்டும். எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் குளிர்கால உள்ளான்கள் காலில் வளையமோ வண்ணக் கொடியோ இருக்கிறதா என்று தேடுங்கள். எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, மேலே எந்த நிறம், கீழே எந்த நிறம் என்று வரிசை தவறாமல் எழுதுங்கள். அனுமதி எதுவும் தேவைப்படாத பயிற்சி இது.

குஞ்சா முதிர்ந்ததா என்பதை ஓசனிச்சிட்டில் அலகைப் பார்த்துச் சொல்வார்கள். இளசுக்கு அலகில் நுண்ணிய வரிவரியான பள்ளம் இருக்கும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

உழவாரன்:
விட்டுப்போனது: கையில் கொசு மருந்தோ வெயில் களிம்போ பூசிக்கொண்டு பறவையைத் தொடக் கூடாது, இறகு கெடும். முழுக்கால் சட்டை, மூடிய ஷூ. பறவை வாய் திறந்து மூச்சு வாங்கினாலோ, இறகு உப்பிக் கண் மூடினாலோ அளவெடுப்பை நிறுத்தி விட்டுவிடணும், தாளில் கட்டம் காலியாக இருந்தாலும் பரவாயில்லை. நெஞ்சை அழுத்தாதீங்க, நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. ஓசனிச்சிட்டு சில நேரம் உள்ளங்கையில் மல்லாந்து அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று பதறாதீங்க. கையை மெல்லச் சாய்த்தால் பறந்துவிடும்.