வரைவிலேயே நின்றுபோகும் ஒப்படைகள்

ஹட்டனிலிருந்து, டிப்ளோமா வகுப்பு நடத்தும் ஆசிரியை:

தோட்டப் பாடசாலைகளிலும் முன்பள்ளிகளிலும் படிப்பிப்பவர்களுக்கான டிப்ளோமா ஒன்றுக்கு மூடில் என்ற இணையக் கற்றல் தளம் வழியாக ஒப்படை வாங்கித் திருத்துகிறேன். மஸ்கெலியா, பொகவந்தலாவ, ராகலை, அந்தப் பக்கம் லுணுகலை என்று மாணவர்கள் பரந்து கிடக்கிறார்கள். பகல் முழுக்க வகுப்பில் நின்று, வீட்டு வேலையும் முடித்த பிறகுதான் ஒப்படை எழுத உட்காருவார்கள்.

கடைசித் திகதி தாண்டியதும் சமர்ப்பிக்காதவர்களின் பட்டியலை எடுத்து, எல்லாருக்கும் பூச்சியம் போட்டு வேலையை முடித்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பொறுக்காது. அந்தப் பட்டியலில் இருக்கிற பலர் எழுதியவர்கள், ஏற்றியும் விட்டவர்கள். மூடிலில் ஓர் அமைப்பு உண்டு. அது போடப்பட்டிருந்தால், மாணவர் பைலை ஏற்றினாலும் 'சமர்ப்பி' என்ற பட்டனைத் தனியாக அழுத்தும்வரை அது வரைவாகவே நிற்கும். திகதி முடிந்தாலும் தானாகச் சமர்ப்பிக்கப்படாது. சின்ன போன் திரையில் அந்தப் பட்டன் கீழே எங்கேயோ கிடக்கும். பைல் ஏறிவிட்டது என்ற நிம்மதியில் தூங்கப் போயிருப்பார்கள்.

திருத்தும் பக்கத்தில் அப்படிப்பட்ட பெயருக்கு நேரே 'வரைவு' என்று இருக்கும். திறந்து வாசிக்கலாம், புள்ளியும் போடலாம். பூச்சியம் போடும் முன் அந்த நிரலை ஒரு தடவை பாருங்கள், தயவுசெய்து. பாடநெறியை அமைக்கும் உரிமை உங்களிடம் இருந்தால் அந்தப் பட்டனையே எடுத்துவிடுங்கள். அப்புறம் சேமித்தாலே சமர்ப்பித்ததாகிவிடும்.

அப்படித் திறந்து பார்த்த ஒரு வரைவு இன்னும் கண்ணில் நிற்கிறது. சீ.ஆர். கொப்பித் தாள்களைத் தரையில் வைத்து எடுத்த போட்டோக்கள். பல்பு வெளிச்சத்தில் போனின் நிழல் பாதிப் பக்கத்தில் விழுந்திருந்தது. தாள் சுருளாமல் இருக்க மூலையை ஒரு சின்னப் பிள்ளையின் விரல்கள் அழுத்திப் பிடித்திருந்தன, நகத்தில் உரிந்துபோன சிவப்புப் பூச்சோடு. தரம் 3 பிள்ளைகளுக்கு நிறை அளத்தல் படிப்பிப்பது பற்றிய ஒப்படை அது. கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனதையும், யாருடைய அம்மாவின் கொழுந்து எத்தனை கிலோ என்று அவர்களே வாசித்ததையும் வரிக்கு வரி எழுதியிருந்தார். அந்தப் பிரிவில் அதைவிட நல்ல ஒப்படை வரவில்லை. பட்டியலின்படி அவர் ஒன்றுமே தராதவர்!

திகதி விஷயத்திலும் கவனம் வேண்டும். ஒப்படைக்கான திகதி தாண்டினால் மூடில் 'தாமதம்' என்று குறித்துக்கொண்டு வாங்கும். அதற்குப் பிறகு வைக்கும் இறுதித் திகதியும் தாண்டினால்தான் வாங்க மறுக்கும். இரண்டையும் ஒரே நாளில் வைக்காமல் இடையில் ஒரு வாரமாவது விடலாம். அதேபோல 20ஆம் திகதி 00:00 என்று விட்டால் 19ஆம் திகதி இரவோடு கதை முடிந்துவிடும். மாணவர்களோ 20ஆம் திகதி இரவு வரை நேரம் இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். 23:59 என்று போட்டால் பிரச்சினையே இல்லை. ஒருவருக்கு மட்டும் தனியாகக் கால நீடிப்புக் கொடுக்கவும் வசதி இருக்கிறது. மண்சரிவில் பாதை அடைபட்ட பகுதிக்காரர்களுக்கு அவர்கள் கேட்கும்வரை காத்திருப்பதில்லை, கொடுத்துவிடுகிறேன்.

கடையில் பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் டைப் பண்ணிக்கொண்டு வரும் வேர்ட் பைல்கள் இன்னொரு தலையிடி. நம் கணினியில் பாமினி இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். பைல் பழுது என்று திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. யூனிகோட் மாற்றியில் போட்டால் தமிழ் வந்துவிடும். பீடிஎப் ஆக்கி அனுப்பச் சொல்வது இன்னும் நல்லது.

மின்சாரமும் இணைப்பும் போய்வரும் மழை நாட்களில் எல்லா ஒப்படைகளையும் ஒரே சிப் பைலாக இறக்கி வைத்துக்கொண்டு, புள்ளித்தாளையும் சிஎஸ்வி என்ற எளிய அட்டவணை வடிவில் எடுத்து, வீட்டில் இருந்தே திருத்திவிட்டுப் பிறகு ஏற்றுகிறேன். எக்செல்லில் அதை நேரடியாகத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் சிதைந்து தெரியலாம். தரவு இறக்குமதி வழியாகப் போய், எழுத்துக் குறியீட்டு முறையாக யூடிஎப்-8 என்று தெரிவுசெய்யுங்கள். முதல் நிரலில் இருக்கும் அடையாள எண்ணில் மட்டும் கை வைக்காதீர்கள். எந்தப் புள்ளி யாருக்கு என்று மூடில் அதை வைத்துத்தான் பொருத்துகிறது.

பசறையிலிருந்து, பேராதனையில் படித்தவர்:

மிஸ் சொன்ன அந்தப் பட்டன் எங்கள் பட்ச்சில் எத்தனை பேரை அழ வைத்தது தெரியுமா? 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டதும் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பல்கலைக்கழக எல்எம்எஸ், அதாவது மூடில் போன்ற கற்றல் தளப் பக்கங்களைக் கட்டணமில்லாமல் பார்க்க அப்போது ஏற்பாடு செய்து தந்தார்கள். பெரிய உதவிதான், மறுக்க மாட்டேன். ஆனால் எங்கள் டிவிசனில் சிக்னல் இருந்தால்தானே? ஒரு போட்டோ மூன்று நான்கு எம்பி வரும். பத்துப் பக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போது பாதியில் அறுந்துவிடும், திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். கூகுள் டிரைவில் இருக்கும் ஸ்கேன் வசதியால் எல்லாப் பக்கத்தையும் ஒரே பீடிஎப் ஆக்கலாம் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. மூடில் செயலியில் ஒப்படையை இணைப்பு இல்லாமலே சேமித்துவைத்து, சிக்னல் கிடைக்கும்போது அனுப்பலாம் என்பதையும் யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

தலவாக்கலையிலிருந்து, பாடசாலை ஆசிரியர்:

எங்கள் பக்கம் கூகுள் கிளாஸ்ரூம். அங்கேயும் பைலை இணைத்துவிட்டு 'டர்ன் இன்' அழுத்தாத பிள்ளையின் பெயர், திகதி முடிந்ததும் சிவப்பில் 'மிஸ்ஸிங்' என்று வந்துவிடும். ஆசிரியர் பக்கத்திலும் ஒரு பட்டன் இருக்கிறது. நாம் போடுகிற புள்ளி, 'ரிட்டர்ன்' அழுத்தும்வரை வரைவுதான். பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாது. கொழுந்துக்குப் போய்விட்டு நேரே பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஓர் அம்மா கேட்டார்: "சேர், மகன் ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து எழுதுனான். ஒரு மார்க்கும் வரலன்னு அழுவுறான்." பாடம் எடுத்தவர் மாற்றலாகிப் போயிருந்தார். உள்ளே பார்த்தால் நல்ல புள்ளியே போடப்பட்டிருந்தது, திருப்பி அனுப்பாமல்.

இன்னொன்று. பல வீடுகளில் இருக்கிற ஒரே ஸ்மார்ட் போன் கொழும்பில் வேலை செய்யும் தகப்பனிடம் இருக்கும். அவர் லீவில் வரும்போதுதான் அது பிள்ளையின் கைக்கு வரும். அதனால் கடைசித் திகதியைப் போயா விடுமுறைக்கு அடுத்து வரும் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டோம். சிவப்புப் பெயர்கள் நன்றாகக் குறைந்தன.

மீண்டும் ஹட்டன் ஆசிரியை:

போயா யோசனை நல்லது சேர், எங்கள் அடுத்த பிரிவுக்கு எடுத்துக்கொள்கிறேன். பசறைத் தம்பி சொன்ன ஸ்கேன் விஷயத்தை முதல் வகுப்பிலேயே செய்து காட்டவும் போகிறேன்.

பின்னூட்டம் பற்றி எழுத மறந்துவிட்டேன். மூடில் மின்னஞ்சலில் அனுப்புகிற அறிவிப்பை எங்கள் மாணவர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. கருத்து எழுதும் பெட்டியில் மைக் அடையாளம் இருந்தால் குரலிலேயே பதிந்துவிடலாம். எது நன்றாக வந்திருக்கிறது, எந்தப் பந்தியைத் திருத்தி எழுத வேண்டும் என்று வாயால் சொல்லிவிட்டு, கேட்டுப் பார்க்கும்படி வட்ஸ்அப்பில் ஒரு வரி போடுகிறேன். அப்படிச் சொன்னவர்களில் பலர் திருத்தி எழுதி மறுபடி ஏற்றுகிறார்கள். அதற்கு ஒப்படையை மீளத் திறந்துவிட வேண்டும். அதற்கான தெரிவு ஒப்படை அமைப்பில், சமர்ப்பிப்பு அமைப்புகள் என்ற பகுதியில் இருக்கிறது.